வாகனம் மாறிற்று, வழக்கம் மாறிற்றா?

மதுரை சிம்மக்கல் பக்கம் தேநீர்க் கடை ஒன்றில், ஞாயிறுதோறும் மாலை வேளையில் ஓர் அவை கூடும். அந்த அவைக்குத் தலைவர் கிடையாது, தீர்மானம் கிடையாது, நன்றியுரையும் கிடையாது. பெஞ்சு இரண்டு, கோப்பை ஆறு, குரல் பத்து! பொருளோ எப்போதும் ஒன்றுதான்: விஞ்ஞானக் கற்பனைப் படங்கள். பழையவை சிறந்தவையா, புதியவை சிறந்தவையா?

பஞ்சாலையில் உழைத்து ஓய்ந்த பெரியவர் ஒருவர் பழமையின் வழக்கறிஞர். சிறுவனாயிருந்தபோது 'கலை அரசி'யைக் கொட்டகையில் மணல்மீது அமர்ந்து பார்த்தவர். "பறக்கும் தட்டை அன்றே காட்டினோம் தம்பி! கணிப்பொறி ஏது அப்போது? கையால் செய்தார்கள்!" என்பார். கல்லூரி மாணவர்கள் புதுமையின் வழக்கறிஞர்கள். 'எந்திரன்' என்பர், '2.0' என்பர், '24' என்பர், 'அயலான்' என்பர். தந்திரக் காட்சியின் நேர்த்தியை எடுத்துரைப்பர். நடுவில் அமர்ந்து இருபக்கமும் தலையாட்டும் பள்ளி ஆசிரியன் நான். இந்தப் படங்களை விரும்பிப் பார்ப்பவன். அதை மறைக்க வேண்டிய குற்றமாக நான் கருதவில்லை.

இந்த வழக்கில் இருதரப்பாரும் எண்ணாத ஒரு கேள்வியை எழுப்பியவர் தேநீர்க் கடைக்கு வராதவர். ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் ஒரு சிறுமி.

பாடம் முடிந்து மணி அடிக்கச் சில நிமிடங்கள் இருந்தன. மாணவர் கேட்க, 'கலை அரசி'யின் கதையைச் சொன்னேன். வேற்றுக் கோள் ஒன்று. விஞ்ஞானத்திலே வானளாவ வளர்ந்தது. ஆனால் ஆடலும் பாடலும் அறியாதது. அக்கோளினர் பறக்கும் தட்டேறிப் பூமிக்கு வருகிறார்கள். பாடகி ஒருத்தியைக் கவர்ந்து செல்கிறார்கள், தம் மக்களுக்குக் கலை கற்பிக்க. அவளுடைய காதலனான உழவன், அங்கே சென்று மீட்கிறான். உழவனாக எம்.ஜி.ஆர்.; பாடகியாக பானுமதி; இயக்கம் காசிலிங்கம்; ஆண்டு 1963. வகுப்பு வாய் பிளந்து கேட்டது. கடைசி வரிசையிலிருந்து அந்தச் சிறுமி எழுந்தாள்.

"ஐயா, அவ்வளவு படித்த கோளிலிருந்து வந்தவர்களும் பெண்ணைத் தூக்கிக்கொண்டுதான் போவார்களா? வருகிறாயா என்று கேட்கமாட்டார்களா?"

மணி அடித்துவிட்டது. நான் தப்பித்தேன். ஆனால், கேள்வி தப்பவிடவில்லை!

தோழர்களே, அந்தக் கேள்வியைச் சற்று உருட்டிப் பாருங்கள். கோடானுகோடி கல் தொலைவைக் கடக்கக் கற்றவர்கள், ஒருத்தியிடம் 'விருப்பமா?' என்று கேட்கக் கற்கவில்லை. காற்றில்லா வெளியில் கலம் செலுத்தத் தெரிந்தவர்களின் கோளிலும் இளவரசி இருக்கிறாள். இளவரசி இருந்தால் அரியணை இருக்கும். அரியணை இருந்தால் அடிபணிபவர் இருப்பர். இயந்திரத்தை ஆயிரம் ஆண்டு முன்னே தள்ளிவிட்ட கற்பனை, மனிதனை மட்டும் ஆயிரம் ஆண்டு பின்னேயே நிறுத்திவிட்டது!

'கலை அரசி' மட்டும் செய்த பிழையன்று இது. அதற்குப் பதினோராண்டு முன்னர், 1952 இல், சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் அமெரிக்கருடன் கூட்டுச் சேர்ந்து 'காடு' என்றொரு படம் எடுத்தது. மண்ணிலிருந்து மறைந்துபோன, மயிரடர்ந்த பழங்கால யானைகள் இந்தியக் காட்டிலே உயிரோடு உலவுவதாகக் கதை. துணிச்சலான கற்பனைதான். ஆனால் அந்தக் காட்டுக்குப் பயணம் புறப்படும் பெண் யார்? இளவரசி! இந்தியா குடியரசாகி ஈராண்டு கழிந்திருந்தது; சமஸ்தானங்கள் மறைந்திருந்தன. மாண்ட யானையை மீட்கப் புறப்பட்ட கற்பனை, மாண்ட மணிமுடியையும் உடன் மீட்டுக்கொண்டு வந்தது.

இனிப் புதியவற்றுக்கு வருவோம். 2010 இல் வந்த 'எந்திரன்', தமிழ்ப்படத்தின் தொழில்திறனை உலகறியச் செய்தது. அதை மறுப்பதற்கில்லை. கதையின் முடிவுப் பகுதியில் இயந்திர மனிதன் செய்வது என்ன? தன்னை விரும்பாத பெண்ணை மணவிழாவிலிருந்து கவர்ந்து செல்கிறான். பழைய புராணத்தில் வானத்தேரில் பெண்ணைக் கவர்ந்து சென்றார்கள். 1963 இல் பறக்கும் தட்டிலே கவர்ந்து சென்றார்கள். 2010 இல் கணிப்பொறி மூளையோடு வந்து கவர்ந்து சென்றார்கள். வாகனம் மாறிற்று, கவர்வோன் மாறினான், மீட்போனும் மாறினான். கவரப்படுகிறவள் மட்டும் மாறவில்லை!

அதே படத்தில் இன்னொரு காட்சி உண்டு. தீப்பற்றிய குடியிருப்பில் சிக்கியோரை இயந்திர மனிதன் ஒவ்வொருவராகக் காப்பாற்றுகிறான். குளித்துக்கொண்டிருந்த பெண் ஒருத்தியையும் தூக்கி வந்து, கூட்டத்தின் நடுவே, படம்பிடிக்கும் கருவிகளின் முன்னே சேர்க்கிறான். உடலில் உடையில்லை. நாணம் தாங்காமல் அவள் ஓடுகிறாள். லாரியில் அடிபட்டு மாள்கிறாள். இதற்குப் பின் படம் காணும் முடிவு என்ன? இயந்திரத்துக்கு மனித உணர்ச்சி தெரியவில்லை, ஆகவே இயந்திரத்தைத் திருத்த வேண்டும் என்பது.

உடையின்றி நிற்கும் துன்பம் சிறிதென்று நான் சொல்லவரவில்லை. அந்த வேளையில் எவருக்கும் வேண்டியது மறைக்க ஒரு துணி. அதை எண்ணாதது இயந்திரத்தின் குறையே. ஆனால் அந்த ஒரு கணத்துக்குப் பிறகு வாழவே முடியாது என்று அவள் எண்ணும்படி அவளை வளர்த்தது இயந்திரமா? உயிரினும் உடலின் மறைவே பெரிது என்று பெண்ணுக்கு மட்டும் பாடம் நடத்தியது இயந்திரமா? இயந்திரம் உயிரைக் காத்தது. ஊர் கற்பித்த பாடம் உயிரைக் குடித்தது. திருத்தப்பட வேண்டியது எது? படம் இயந்திரத்தைச் சோதனைச் சாலைக்கு அனுப்புகிறது. ஊரை எவரும் எந்தச் சோதனைச் சாலைக்கும் அனுப்பவில்லை.

"பொழுதுபோக்குப் படத்திலே போய் இத்தனை நீதி தேடுவதா?" என்று நண்பர்கள் கேட்கிறார்கள். "எதிர்காலக் கருவிகளைக் காட்டுவதே அவர்கள் வேலை, சமுதாயத்தைத் திருத்துவது அவர்கள் வேலையா?" என்கிறார்கள். நியாயமான மறுப்புத்தான், நேர்மையாக விடையிறுக்க வேண்டும்.

எந்தக் கலைஞனையும் 'இதைத்தான் கற்பனை செய்' என்று கட்டாயப்படுத்த எனக்கு விருப்பமில்லை, உரிமையுமில்லை. ஆனால் ஒன்றை எண்ணிப் பாருங்கள். நிகழ்காலத்தைப் படமாக்குகிறவன், 'உலகம் இப்படி இருக்கிறது, அப்படியே காட்டினேன்' என்று சொல்லிக்கொள்ளலாம். எதிர்காலத்தைப் படைக்கிறவனுக்கு அந்தச் சாக்கு இல்லை. அவனுடைய உலகில் உள்ள ஒவ்வொன்றும் அவனே வைத்தது. கதவு தானே திறக்க வேண்டும் என்று அவன் முடிவு செய்கிறான். கலம் ஒளிவேகத்தில் பறக்க வேண்டும் என்று முடிவு செய்கிறான். அத்தனையையும் மாற்றியவன், ஆண்டானை ஆண்டானாகவும் அடிமையை அடிமையாகவும் விட்டுவைத்தால், அதுவும் ஒரு முடிவுதான். 'இது மட்டும் மாறாது' என்று பார்ப்போர் நெஞ்சிலே சொல்லாமல் சொல்லும் முடிவு. கேட்கத் தெரியாத உரிமையை எவரும் வழங்கியதில்லை. நினைக்கத் தெரியாத வாழ்வை எவரும் கேட்டதுமில்லை. நினைக்கக் கற்றுக்கொடுப்பதற்குத்தான் கற்பனை இருக்கிறது.

"அப்படித் துணிந்து கற்பனை செய்தவர் உண்டா?" என்றால், உண்டு! அதுவும் நம் சென்னையிலேயே அச்சேறியது உண்டு. 1905 ஆம் ஆண்டு. சென்னையிலிருந்து வெளிவந்த ஆங்கில மகளிர் இதழ் ஒன்றில், வங்கத்து முஸ்லிம் பெண்மணியான பேகம் ரொக்கையா ஒரு கதை எழுதினார். பெயர் 'சுல்தானாவின் கனவு'. அந்தக் கனவு நாட்டில் வானூர்தி உண்டு. சூரிய வெப்பத்தைத் திரட்டிச் சமைக்கும் முறை உண்டு. மேகத்திலிருந்து நீர் இறக்கும் கருவி உண்டு. பெண்கள் பல்கலைக்கழகம் நடத்துகிறார்கள், ஆட்சி நடத்துகிறார்கள், ஆடவரோ வீட்டுக்குள் முக்காட்டு வாழ்வு வாழ்கிறார்கள்! ஆணை அடைத்துவைப்பது நீதியா என்று கேட்காதீர்கள். பெண்ணை அடைத்துவைப்பது நீதியா என்று கேட்கவைக்கும் கேலி அது. திரைக்குப் பின்னே வளர்ந்தவர், பள்ளிக்கூடம் சென்று படிக்க வாய்ப்பில்லாதவர், 120 ஆண்டுக்கு முன்பு எண்ணிய அளவுக்கு, கோடிகளைக் கொட்டிப் படமெடுப்போர் இன்றும் எண்ணவில்லையே!

1940களில் பெரியார் 'இனி வரும் உலகம்' பற்றிப் பேசினார். கம்பியில்லாச் செய்திக் கருவி ஒவ்வொருவரிடமும் இருக்கும் என்றார். ஆளை ஆள் பார்த்தபடியே தொலைவிலிருந்து பேசலாம் என்றார். ஆண் பெண் சேர்க்கையின்றியே குழந்தை பிறக்கும் என்றார். கேட்டவர் சிரித்திருப்பர். சோதனைக் குழாய்க் குழந்தை 1978 இல் பிறந்தது. செய்திக் கருவியோ இன்று மாடு மேய்க்கும் சிறுவன் சட்டைப்பையிலும் இருக்கிறது. கருவிகளைச் சொன்னதற்காக மட்டும் அதை நினைவுகூரவில்லை. அரசனில்லை, உயர்ந்தோன் தாழ்ந்தோன் இல்லை என்று மனிதரையும் சேர்த்து மாற்றிப் பார்த்தாரே, அதற்காக நினைவுகூர்கிறேன். இயந்திரம் பற்றிச் சொன்னவை பெரும்பாலும் வந்துவிட்டன. மனிதர் பற்றிச் சொன்னவை வந்தனவா?

அமெரிக்கத் தொலைக்காட்சியில் 1966 செப்டம்பரில் 'ஸ்டார் டிரெக்' தொடங்கிற்று. விண்கலத்தின் தளபதி மேடையில், அதிகாரியாக ஒரு கறுப்பினப் பெண் அமர்ந்திருந்தாள். ஊரா என்ற அந்தப் பாத்திரத்தை ஏற்றவர் நிஷெல் நிக்கோல்ஸ். அப்போது நாட்டு நிலை என்ன? வெள்ளையரும் கறுப்பரும் மணந்துகொள்வது, 1967 இல் உச்சநீதிமன்றம் அத்தடைச் சட்டங்களை முறிக்கும் வரையில், 16 மாநிலங்களில் குற்றம்! நடிகை தொடரைவிட்டு விலக எண்ணியபோது, வேண்டாம் என்று தடுத்தவர் மார்ட்டின் லூதர் கிங் என்று அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். எத்தனை போராட்டத்துக்கு நடுவே, ஒரு தொலைக்காட்சி நாற்காலிக்கு நேரம் ஒதுக்கினார் அந்தத் தலைவர்! கலத்தில் அவளுக்குத் தரப்பட்ட வேலை பெரும்பாலும் செய்தி வாங்கிச் செய்தி சொல்வதுதான், அத்தொடரும் குறையற்றதன்று. ஆயினும் அந்த நாற்காலியைக் கண்டு வளர்ந்த மே ஜெமிசன் என்ற சிறுமி, 1992 இல் விண்வெளி சென்ற முதல் கறுப்பினப் பெண் ஆனார். கற்பனை நாற்காலி, உண்மை நாற்காலிக்கு வழிவிட்டது.

இப்போது 1963 க்குத் திரும்புங்கள். 'கலை அரசி' வெளிவந்தது அவ்வாண்டு ஏப்ரலில். நம் வெண்திரையிலே ஒரு பெண்ணை வானத்துக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். இரண்டே திங்கள் கழிந்தன. ஜூன் 16 ஆம் நாள், எவரும் தூக்கிச் செல்லாமல், தானே கலமேறி வானத்துக்குச் சென்றாள் ஒரு பெண்! சோவியத் நாட்டின் வாலண்டினா தெரஷ்கோவா. பூமியை 48 முறை வலம் வந்தார். அவர் இளவரசியா? இல்லை. துணி ஆலையில் வேலை பார்த்த தொழிலாளி! மதுரையிலும் ஆலைகள் இருந்தன. சங்கொலி கேட்டு விடியலில் வேலைக்கு நடந்த பெண்கள் இருந்தார்கள். அவர்களில் ஒருத்தி விண்கலம் ஓட்டுவாள் என்று எந்தக் கதாசிரியருக்கும் தோன்றவில்லை. பறக்கும் தட்டு தோன்றிற்று, ஆலைப்பெண் தோன்றவில்லை. கற்பனை என்று பெயர் சூட்டிக்கொண்டது, உண்மைக்கு இரண்டு திங்கள் பின்தங்கிவிட்டது!

இதிலே படத்துக்கு அப்பால் என்ன இழப்பு என்கிறீர்களா? மதுரைச் சமவெளிக்கு வாருங்கள். எழுமலை அருகே உத்தப்புரம் என்று ஓர் ஊர். அங்கே, ஒடுக்கப்பட்ட மக்களின் குடியிருப்பைப் பிரித்து, 1989 இல் ஒரு சுவர் எழுந்தது. ஏறத்தாழ 600 மீட்டர் நீளம். பத்தொன்பது ஆண்டு நின்றது. 2008 மே 6 ஆம் நாள், காவலர் சூழ, அரசு அதன் ஒரு பகுதியை இடித்து வழி திறந்தது. அதே 2008 இல், அக்டோபர் 22 ஆம் நாள், சந்திரயான் புறப்பட்டது. அதன் திட்ட இயக்குநர் நம் கோதவாடியில் பிறந்த மயில்சாமி அண்ணாதுரை. ஏறத்தாழ 3,84,000 கிலோமீட்டர் தொலைவிலுள்ள நிலவுக்கு வழி கண்டுவிட்டோம். பக்கத்துத் தெருவுக்கு வழி காண, காவலரும் இடிப்புக் கருவியும் வரவேண்டியிருந்தது!

அந்தச் சுவரை எழுப்பியவர்களிடம் விஞ்ஞானம் இல்லாமலில்லை. சிமெண்டு இருந்தது, மின்விளக்கு இருந்தது, வீட்டிலே தொலைக்காட்சியும் இருந்திருக்கும். கருவி வந்தால் கருத்தும் தானே வரும் என்று நம்மில் பலர் எண்ணியிருக்கிறோம். சுவர் அதற்கு விடை சொல்லிவிட்டது. கருவி, வைத்திருப்பவனின் கருத்துக்கு ஊழியம் செய்யும்; அவ்வளவே. ஏவுகணையின் மாதிரியைக் கோயிலுக்கு எடுத்துச் சென்று பூசைசெய்தபின் ஏவுகிற நாடு இது! ஆகவே விஞ்ஞானக் கற்பனை என்ற பெயர்ப்பலகையைக் கண்டதும் பகுத்தறிவு வந்துவிட்டதென்று நாம் கைதட்டிவிடக் கூடாது. நானும் கைதட்டியவன்தான். புராணப் படத்தில் இடியும் மின்னலும் வந்தபோது நகைத்தேன். அதே இடியும் மின்னலும் இரும்பு உடல் அணிந்து வந்தபோது சீழ்க்கை அடித்தேன். இரண்டிலும் கேள்வி கேட்காமல் வணங்கிய மனம் ஒன்றுதானே!

நல்லது வந்தால் நல்லது என்போம். 2015 இல் வந்த 'இன்று நேற்று நாளை'யைப் பாருங்கள். காலப் பொறி ஒன்று சோதிடன் கையில் சிக்குகிறது. இறந்த காலத்துக்குச் சென்று, தொலைந்த பொருள் எங்கே போயிற்று என்று பார்த்துவந்து, 'கட்டம் சொல்கிறது' என்று குறி சொல்லிப் புகழ் பெறுகிறான். சோதிடம் பலிக்க வேண்டுமானால் காலப் பொறியே வேண்டும்! நூறு மேடைப் பேச்சுக்குச் சமமான நகைச்சுவை. இயந்திரத்தைக் கொண்டுவந்து வழக்கத்தைச் சோதித்த படம் அது. பெரிய தட்டும் வேண்டாம், பெரிய செலவும் வேண்டாம். கேள்வி ஒன்று போதும் என்பதற்குச் சான்று.

ஆகவே, தேநீர்க் கடைத் தோழர்களே, உங்கள் வழக்குக்கு என் தீர்ப்பு இது. பழமைக்கும் வெற்றியில்லை, புதுமைக்கும் வெற்றியில்லை. ஒரு படத்தைப் பார்த்துவிட்டு வரும்போது தந்திரக் காட்சியை வியந்து பேசுங்கள்; தடையில்லை. அதோடு மூன்று கேள்வி கேளுங்கள். அந்த எதிர்காலத்தில் ஆள்பவர் யார்? அங்கே பெண் தன் விருப்பால் நடக்கிறாளா, பிறர் கைக்கு மாறுகிறாளா? அந்தக் கோளின் தெருக்களைக் கூட்டுகிறவர் யார், அவர் மகன் கலம் ஓட்ட முடியுமா? இவற்றுக்கு விடை தராத எதிர்காலம், மின்விளக்குப் போட்ட பழங்காலம்!

அந்தச் சிறுமிக்கு மறுநாள் விடை சொன்னேன். "கேட்டிருக்க வேண்டும் அம்மா. கதை எழுதியவர்களுக்கு அது தோன்றவில்லை" என்றேன். செங்கோட்டையில் பிறந்த நிகர் ஷாஜி, சூரியனை ஆராய 2023 செப்டம்பர் 2 ஆம் நாள் புறப்பட்ட ஆதித்யா கலத்தின் திட்ட இயக்குநர் என்பதையும் சொன்னேன். அவள் சற்றே எண்ணினாள்.

"அப்படியானால், நான் எழுதுகிற கதையில் அந்தப் பாட்டுக்காரி தானே தட்டை ஓட்டிக்கொண்டு போவாள் ஐயா. பாட்டுச் சொல்லிக்கொடுத்துவிட்டு, அவர்களிடம் விஞ்ஞானம் கற்றுக்கொண்டு, திரும்பி வருவாள்."

நோட்டுப் புத்தகத்தில் எழுதத் தொடங்கியிருக்கிறாள். அவள் கோளில் இளவரசி உண்டா என்று கேட்டேன்.

"எதற்கு ஐயா?" என்றாள்.